ஓட்டல் அடுப்படிக்குக் காற்று எந்த வழியாக வருகிறது?

புதுப்பித்துத் திறந்த ஓட்டல்களில் சில அறிகுறிகள் சேர்ந்தே வரும். வாசல் கண்ணாடிக் கதவு வெளிப்பக்கம் இழுக்க வராமல் முரண்டு பிடிக்கும். கையை விட்டால் படாரென்று அடித்துக்கொள்ளும். ஏ.சி. 18-ல் ஓடும், ஆனால் ஹாலில் புழுக்கம் போகாது. கை கழுவும் இடத்தை ஒட்டி உட்கார்ந்தவருக்கு, சாம்பார் வாசனையோடு கழிப்பறை வாடையும் சேர்ந்து வரும். அடுப்படியில் தலைக்கு மேலே புது ஸ்டீல் ஹூட் பளபளவென்று தொங்கும். ஆனாலும் தாளிப்புப் புகை அதன் விளிம்பைத் தாண்டி வந்து சரக்கு மாஸ்டரின் கண்ணில்தான் ஏறும். முதலாளி கதவுக்காரரைக் கூப்பிடுவார், ஏ.சி. மெக்கானிக்கைக் கூப்பிடுவார், பிளம்பரைக் கூப்பிடுவார், ஹூட் அடித்துக் கொடுத்தவரையும் கூப்பிடுவார். நான்கு பேருமே தங்கள் வேலையில் குறையில்லை என்பார்கள். பெரும்பாலும் அது உண்மையாகத்தான் இருக்கும். இந்த நான்கும் ஒரே கோளாறின் நான்கு முகங்கள்: ஹூட் வெளியே தள்ளுகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வருவதற்கு யாரும் வழி வைக்கவில்லை.

ஹூட் தொழிலில் இருப்பவர்கள் இதை ஃப்ரெஷ் ஏர் என்பார்கள். எனக்கு வரத்துக் காற்று என்று சொல்லப் பிடிக்கும். ஏரிக்கு வரத்து வாய்க்கால் தூர்ந்துபோனால், மதகை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வயலுக்குத் தண்ணீர் போகாது. காற்றுக்கும் அதே கணக்குதான், ஒரே ஒரு வித்தியாசத்தோடு. தண்ணீர் வராவிட்டால் ஏரி காய்ந்து கிடப்பது கண்ணுக்குத் தெரியும். கட்டடம் அப்படிக் காயாது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வெளியே போகிறதோ, அதே அளவு காற்று ஏதோ ஒரு வழியாக உள்ளே வந்தே தீரும். ஆகவே வரத்துக் காற்று வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த வழியை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, கட்டடமே தீர்மானித்துக்கொள்ள விடுகிறீர்களா என்பதுதான் கேள்வி. கட்டடம் தீர்மானித்தால் கழிப்பறை, வாசல் கதவு, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கும் பொந்து என்று சுலபமாகக் கிடைக்கும் வழியையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும்.

அளவைப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். நம் ஊரில் சாதாரணமாகக் காணும் ஓட்டல் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஹால் 30 அடிக்கு 20 அடி, சீலிங் உயரம் 10 அடி, 40 இருக்கை. அடுப்படியில் தோசைக்கல், இரண்டு மூன்று பர்னர், அதற்கு மேலே சுவரை ஒட்டி 10 அடி நீள ஹூட். இப்படிச் சுவரை ஒட்டிய ஹூட்டுக்கு அமெரிக்கக் கட்டட விதிகள் ஓர் எளிய வாய்ப்பாடு வைத்திருக்கின்றன. லேசான சமையலுக்கு ஹூட்டின் ஓர் அடி நீளத்துக்கு 200 சி.எஃப்.எம்., நடுத்தரத்துக்கு 300, கடும் சமையலுக்கு 400, கரி விறகு எரித்தால் 550. சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு இத்தனை கன அடி. நடுத்தரம் என்றே எடுத்துக்கொண்டாலும் 3000 சி.எஃப்.எம். வருகிறது. ஹாலின் மொத்தக் கொள்ளளவே 6000 கன அடிதான். அதாவது அடுப்படிக்கு வேறு வழி எதுவும் இல்லையென்றால், ஹாலில் இருக்கும் காற்று முழுவதையும் அந்த ஹூட் இரண்டே நிமிடத்தில் உறிஞ்சி மொட்டை மாடியில் கொட்டிவிடும். காசு கொடுத்துக் குளிரவைத்த காற்று என்பதை மறக்க வேண்டாம்.

அந்தக் காசு எவ்வளவு? ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும் 35 டிகிரி வெயில் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடலோர ஊர்களில் இது அதிசயமில்லை. வெளியே இருக்கும் 1000 சி.எஃப்.எம். காற்றை 25 டிகிரிக்கு இறக்கி, ஈரத்தையும் பிழிந்தெடுக்க ஐந்தரை டன் ஏ.சி.யின் முழு உழைப்பு வேண்டும். அதில் பாதிக்கு மேல் ஈரத்தைப் பிழிவதற்கே போய்விடுகிறது. 3000 சி.எஃப்.எம். என்றால் 16 டன்னுக்கு மேல், அதுவும் காற்றுக்கு மட்டும். உட்கார்ந்திருக்கும் ஆட்கள், விளக்கு, கூரைச் சூடு எல்லாம் தனிக் கணக்கு. 600 சதுர அடி ஹாலுக்கு வழக்கமாக மாட்டப்படுவது நாலைந்து ஸ்ப்ளிட் ஏ.சி., எல்லாம் சேர்ந்து எட்டு, பத்து டன். அது எப்படித் தாங்கும்? புழுக்கம் என்று வாடிக்கையாளர் முனகியதும் இன்னும் ஒரு ஏ.சி. மாட்டுவார்கள். அந்தக் குளிரும் சர்வீஸ் ஜன்னல் வழியாக அடுப்படிக்குப் போய் டக்ட் ஏறிவிடும். வாசல் இடுக்கில் தெருவின் சூடு அதே வேகத்தில் உள்ளே வந்துகொண்டிருக்கும். இதற்கு மாற்றாக, 3000 சி.எஃப்.எம். வெளிக்காற்றை நேராக அடுப்படிக்குக் கொண்டுவந்து சேர்க்க, டக்ட் நீளம் அதிகமில்லையென்றால் 1 எச்.பி., மிஞ்சினால் ஒன்றரை எச்.பி. ப்ளோயர் போதும். 16 டன் ஏ.சி. இழுக்கும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது கொசுறு. செலவு என்று சொல்லி ஃப்ரெஷ் ஏரை எஸ்டிமேட்டிலிருந்து அடித்துவிடும் பழக்கத்தில் எனக்குப் புரியாத இடம் இதுதான். அடிக்கப்பட்ட அந்த ஒரு வரியின் செலவு மாதா மாதம் மின்கட்டண ரசீதில் வேறு பெயரில் வந்து நிற்கிறது.

அழுத்தக் கணக்கு இன்னும் விசித்திரமானது, ஏனென்றால் எண்கள் அவ்வளவு சிறியவை. வணிகச் சமையலறைகளுக்கான அமெரிக்கத் தீத்தடுப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 96, அடுப்படியின் அழுத்தம் வெளியைவிட சுமார் 5 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்கிறது. ஐந்து பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் தண்ணீரின் எடை. இவ்வளவு சின்ன எண்ணுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். ஆனால் கதவு பெரியது. இரண்டு சதுர மீட்டர் கதவில் 20 பாஸ்கல் வித்தியாசம் விழுந்தால் நான்கு கிலோ எடைக்குச் சமமான விசை அதை அழுத்துகிறது. கைப்பிடி ஓரத்தில் இருப்பதால் இழுப்பவருக்கு இரண்டு கிலோவாகத் தெரியும். டோர் குளோசரின் இழுப்பு அதற்கு மேல். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவருக்கு அது போதும். கழிப்பறையில் இருக்கும் சின்ன எக்ஸாஸ்ட் ஃபேனின் நிலை இன்னும் பரிதாபம். ஹூட்டின் இழுப்புக்கு எதிரே அதனால் நிற்க முடியாது. இறக்கை சுற்றிக்கொண்டிருக்கும், காற்றோ அதன் வழியாகவே உள்ளே வரும். தரை வடிகாலில் சாக்கடை வாடையைத் தடுக்கும் நாணி டிராப்பில் நிற்கும் 50 மில்லிமீட்டர் தண்ணீரை 20 பாஸ்கல் உறிஞ்சிவிடாது. இரண்டு மில்லிமீட்டர்தான் அசைக்கும். ஆனால் அதிகம் தண்ணீர் படாத மூலையில் டிராப் காய்ந்து கிடந்தால், சாக்கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே நேர்வழி திறந்துவிட்டது என்று பொருள். சர்வீஸ் ஜன்னலைப் பாருங்கள். நாலடிக்கு ஒன்றரை அடி திறப்பில் 3000 சி.எஃப்.எம். நுழைந்தால் காற்று மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். ஆவி பறக்க இறக்கி வைத்த இட்லி, சப்ளையர் வந்து எடுப்பதற்குள் ஆறிப்போவதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

அடுப்படியில் காற்றில்லாவிட்டால் அடுப்பு எரியாது, ஆகவே ஃப்ரெஷ் ஏர் வேண்டும் என்று ஒரு வாதம் அடிக்கடி சொல்லப்படுகிறது. என் பக்கத்து வாதம்தான், ஆனால் அரைகுறை வாதம். ஒரு 19 கிலோ வணிக சிலிண்டர் முழுவதும் எரிய ஏறத்தாழ 300 கிலோ காற்று தேவை, சுமார் 250 கன மீட்டர். பெரிய எண்போல இருக்கிறது. நம் 3000 சி.எஃப்.எம். ஹூட்டோ அதை மூன்று நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். எரிவதற்கு வேண்டிய காற்று எப்படியாவது கிடைத்துவிடும் என்பதால், அடுப்பு அணைவதில்லை. எரிந்த பிறகு வருவது வெளியே போகாததுதான் ஆபத்து. வரத்து அடைபட்டால் ஹூட் தன் முழு அளவை இழுக்காது. விளிம்பில் வழிகிற புகையோடு கார்பன் மோனாக்சைடும் அடுப்படியிலேயே தங்கும். நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். ராத்திரி கடை மூடும் நேரத்து மாஸ்டரின் தலைவலிக்குத் தூக்கக் குறைவைக் காரணம் சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது மெனுவில் தந்தூரியும் கரி கிரில்லும் சேர்ப்பது இப்போது வாடிக்கை. அப்படிச் சேர்ப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். கரி அடுப்பு கேஸ் அடுப்பைவிடப் பல மடங்கு மோனாக்சைடு விடும். பழைய ஹூட்டுக்கே வரத்து போதாத இடத்தில் அதை அடுக்குவது துணிச்சலில் சேராது.

இனி மறுப்புகள். முதலில் வருவது: அந்தக் காலத்து ஓட்டல்களில் ஃப்ரெஷ் ஏரா வைத்தார்கள்? வைக்கவில்லை, ஏனென்றால் அங்கே அது இருந்தது. உயரமான ஓட்டுக்கூரை, ஓட்டுக்கு நடுவே புகைபோக்கி, பின்னால் விறகு அடுக்கிய கொல்லை, எப்போதும் திறந்து கிடக்கும் கொல்லைக் கதவு, தெருவைப் பார்த்து முழுதாகத் திறந்த முகப்பு. காற்று வர நூறு வழி இருந்தது. புதுப்பிப்பு என்ற பெயரில் நாம் செய்வது அந்த நூறையும் ஒவ்வொன்றாக அடைப்பதுதான். முகப்புக்குக் கண்ணாடி, கூரைக்கு ஃபால்ஸ் சீலிங், கொல்லையில் ஸ்டோர் ரூம், ஜன்னலுக்கு ஏ.சி. எல்லாம் அடைத்த பிறகு பழைய ஃபேனைவிட மூன்று மடங்கு பெரிய ப்ளோயரை மாட்டுகிறோம். பழைய கட்டடத்தில் கொத்தனாரின் பழக்கமே பார்த்துக்கொண்ட வேலையை, புதிய கட்டடத்தில் யாராவது வரைபடத்தில் எழுதியாக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது: பின்பக்கம் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதாதா? இதை நான் தள்ளிவிட மாட்டேன். சின்ன மெஸ்ஸுக்கு அதுவே சரியான விடை. 3000 சி.எஃப்.எம். காற்று, ஐந்து பாஸ்கலைத் தாண்டாமல் உள்ளே வர எட்டு, ஒன்பது சதுர அடி வெறும் திறப்பு வேண்டும். மூன்றுக்கு மூன்று ஜன்னல் ஒன்று. ஆனால் அது வெறும் திறப்பாக இருக்க முடியாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011 உரிம விதிகளில் 4-ஆம் அட்டவணை, வெளியே திறக்கும் கதவு ஜன்னல்களுக்குப் பூச்சி புகாத வலை கேட்கிறது. வலை போட்டால் திறப்பில் பாதி போய்விடும். அடுப்படிக் காற்றில் மிதக்கும் எண்ணெயும் மாவும் அந்த வலையில் படிந்தால் சில மாதங்களில் மீதியும் அடையும். யார் கழுவுகிறார்கள்? அப்புறம் இடம். ஜன்னல் தோசைக்கல்லுக்குப் பக்கவாட்டில் அமைந்துவிட்டால், வெளியே காற்றடிக்கும் நாளில் கல்லிலிருந்து எழும் ஆவியை அது ஹூட்டுக்கு அடியிலிருந்தே தள்ளிக்கொண்டு போகும். ஜன்னல் ஹூட்டைவிட்டுத் தள்ளி இருக்கிறது, எதிரே சந்தில் குப்பைத்தொட்டி இல்லை, வலையை வாரந்தோறும் கழுவ ஆள் உண்டு என்றால், தாராளமாக ஜன்னலோடு நிறுத்திக்கொள்ளலாம். நெருக்கமான கடைத்தெருவில், இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள கட்டடத்தில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

புகை நிற்கிறது என்றதும் மோட்டாரை மாற்றி இன்னும் பெரிதாகப் போடலாம் என்பது மூன்றாவது. பலரும் செய்வதும் இதுதான். ஃபேனின் வேகத்தை 25 சதவீதம் கூட்டினால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். அதே இடுக்குகள் வழியாக 25 சதவீதம் கூடுதல் காற்றை இழுக்க, உள்ளே அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் இறங்க வேண்டும். கதவு இன்னும் இறுகும், கழிப்பறை இன்னும் நாறும், இடுக்குகளில் காற்று விசிலடிக்கும். புகையும் கொஞ்சம் குறையும், அதை மறுக்கவில்லை. ஆனால் தூர்ந்த வாய்க்காலுக்கு மதகில் மராமத்து பார்க்கும் வேலை அது.

நான்காவதை அடுப்படியில் நிற்பவர்களே சொல்வார்கள், அதனால் அதற்கு மதிப்பு அதிகம்: ஏற்கெனவே வேகிறோம், மே மாத வெயில் காற்றையும் எங்கள் மேல் ஊதுவீர்களா? நியாயம். ஆனால் ஹூட் சரியாக இழுக்காத அடுப்படியின் காற்று வெளியே அடிக்கும் வெயிலைவிடச் சூடாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெளிக்காற்று 39 டிகிரி, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலை 27 என்று இருக்கும் உலர்ந்த பகலில், தண்ணீர் நனைத்த பேடு வழியாக அதைச் செலுத்தும் ஏர் வாஷர் 30 டிகிரிக்குப் பக்கத்தில் இறக்கிக் கொடுக்கும். கம்ப்ரெஸர் கிடையாது, ஃபேனும் சின்னப் பம்பும்தான். கடற்காற்று உள்ளே வந்து ஈரம் ஏறிய மாலையில் இதன் பலன் பாதியாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அறவே பலனில்லை. அப்போது வெளிக்காற்றே குளிர்ந்திருப்பதால் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடலாம். ஏர் வாஷரை எல்லாக் காலத்துக்கும் ஏ.சி.போலப் பேசி விற்பவர்களை நம்ப வேண்டாம்.

காற்றை உள்ளே கொண்டுவந்தால் மட்டும் போதாது, எங்கே எந்த வேகத்தில் விடுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. ஹூட்டுக்கு உள்ளேயே ஃப்ரெஷ் ஏரை ஊதிவிடும் ஒரு வகை ஹூட் சந்தையில் உண்டு. அதே காற்று அங்கேயே திரும்பிப் போய்விடும், ஹாலைத் தொடாது, குளிரவைக்கவும் வேண்டாம் என்று சொல்லும்போது கேட்க நன்றாக இருக்கும். 2000-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியா எரிசக்தி ஆணையத்தின் நிதியில் நடந்த சோதனைகளில், சூடான காற்றின் அலைவைக் கண்ணால் பார்க்க வைக்கும் ஷ்லீரன் ஒளியியல் முறையில் இவற்றைப் பார்த்தார்கள். ஹூட்டுக்குள் ஊதிய காற்று இடத்தை அடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து எழுந்த புகையை விளிம்பு வழியாக வெளியே தள்ளுவது படமாகத் தெரிந்தது. ஹூட்டுக்குப் பக்கத்துக் கூரையில் நாலாபக்கமும் வேகமாக ஊதும் டிஃப்யூசரும் அதே கெடுதலைச் செய்தது. மெதுவாக, அகலமான துளைத்தகடு வழியாக, ஹூட்டைவிட்டுத் தள்ளி இறங்கும் காற்றுதான் புகையைக் கலைக்காமல் கூடவே போய்ச் சேர்ந்தது. அதே சோதனைகள் இன்னொன்றையும் காட்டின, எனக்கு அதுதான் முக்கியம். ஹூட்டின் இரு பக்கமும் தகடு அடித்து மறைத்தாலும், அடுப்பைச் சுவரோடு ஒட்டித் தள்ளிப் பின்னால் இருக்கும் இடைவெளியை அடைத்தாலும், குறைந்த காற்றிலேயே புகை அடங்குகிறது. வெளியேற்றுவதைக் குறைத்தால் உள்ளே கொண்டுவருவதும் குறையும். இரண்டு ஸ்டீல் தகடு எந்த ப்ளோயரையும்விட மலிவு. எஸ்டிமேட்டில் முதல் வரியாக அதுதான் வர வேண்டும்.

அப்படியென்றால் ஹாலிலிருந்து ஒரு துளிக் காற்றும் அடுப்படிக்குப் போகக் கூடாதா? போக வேண்டும். மேலே சொன்ன அதே 4-ஆம் அட்டவணை, காற்று அசுத்தமான பகுதியிலிருந்து சுத்தமான பகுதிக்குப் பாயக் கூடாது என்கிறது. அதன்படி ஹாலிலிருந்து அடுப்படிக்கு ஒரு மெல்லிய ஓட்டம் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மீன் வறுவல் வாடை சேலையில் ஏறும். ஹாலில் இருக்கும் 40 பேர் மூச்சுவிடவும் 400 சி.எஃப்.எம். வெளிக்காற்று எப்படியும் வேண்டும், ஸ்ப்ளிட் ஏ.சி. இருக்கிற காற்றையே சுற்றுமே தவிர, வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஆகவே நம் ஓட்டலுக்கு நான் போடும் பங்கீடு: 2500 சி.எஃப்.எம். நேராக அடுப்படிக்கு, 500 ஹாலுக்கு வந்து, சாப்பிடுபவர்களுக்குப் பயன்பட்டு, அப்புறம் சர்வீஸ் ஜன்னல் வழியாக அடுப்படிக்கு. ஏ.சி.க்கு ஏறும் சுமை மூன்று டன்னுக்குள் அடங்கும். வெளியே தள்ளுவது, உள்ளே ஊதுவது என்ற இரண்டு ப்ளோயரும் ஒரே சுவிட்சில் ஓட வேண்டும். தனித்தனி சுவிட்ச் வைத்தால், சத்தம் என்றோ கரண்டு என்றோ உள்ளே ஊதும் ஒன்றைத்தான் முதலில் நிறுத்துவார்கள். மொட்டை மாடியில் காற்று எடுக்கும் வாய், புகை விடும் வாயிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும்; ஜெனரேட்டர் புகைக்குழாய், செப்டிக் டேங்க் வென்ட் இரண்டும் எங்கே என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஊதுபத்தி போதும். எல்லா அடுப்பையும் எரியவிட்டு, இரண்டு ப்ளோயரையும் ஏ.சி.யையும் போட்டு, வாசலைச் சாத்திவிட்டு, சர்வீஸ் ஜன்னலில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை அடுப்படிப் பக்கம் மெதுவாகச் சாய வேண்டும். படுத்துக்கொண்டு பாய்ந்தால் உள்ளே ஊதுவது போதவில்லை, ஹாலைப் பார்த்துத் திரும்பினால் மிதமிஞ்சி ஊதுகிறது. அடுத்து கழிப்பறைக் கதவின் அடி இடுக்கில் பிடித்தால் உள்ளே போக வேண்டும். வாசல் கதவின் இடுக்கில் அசையாமல் நிற்கலாம், அல்லது தெருவைப் பார்த்துக் கொஞ்சம் நகரலாம். அங்கே புகை ஹாலுக்குள் வளைந்தால், உள்ளே ஊதும் ப்ளோயரின் டாம்பரைத் திறந்து சரிசெய்யச் சொல்லிவிட்டு, செக்கைப் பையிலேயே வைத்திருங்கள்.